கல்லுக்குள் ஒரு காட்சி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலையைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், நீங்கள் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். என் பொழுதுபோக்கு கல் தேய்ப்பது. வீட்டில் இதற்கு வேறு பெயர் உண்டு. அது இந்த மேடைக்கு வேண்டாம். (சிரிப்பு)

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வேலை பார்த்த வருஷங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. போர்ட்லண்டிலிருந்து கிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில், கொலம்பியா ஆற்றங்கரையில், பிக்ஸ் என்று ஒரு சாலைச் சந்திப்பு இருக்கிறது. 1964 டிசம்பரில் அந்தப் பக்கம் பெருவெள்ளம் வந்து ஓடைகளை அரித்தபோது ஒரு பழுப்புக் கல் வெளியே தெரிந்தது. வெளித்தோற்றத்தில் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே குன்றுகள், மணல்மேடு, மேகம் படிந்த வானம்! யாரோ தூரிகையால் வரைந்த மாதிரியே இருக்கும். பிக்ஸ் ஜாஸ்பர் என்பார்கள்.

ஜாஸ்பர் என்பது வேறொன்றுமில்லை, சிலிக்காதான். குவார்ட்ஸின் மிக நுண்ணிய படிகங்கள் நெருங்கிக் கெட்டிப்பட்ட கல். சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பொங்கி வழிந்தது. அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய சேற்றில் சிலிக்கா கலந்த நீர் ஊறிக் கல்லானது. இரும்பு ஆக்ஸைடு பழுப்பும் மஞ்சளும் கொடுத்தது. மாங்கனீசு கறுப்புக் கோடுகளையும் செடி மாதிரியான கிளைகளையும் போட்டது. ஜியாலஜி நண்பர்கள் மன்னிக்கவும், சுருக்கிச் சொல்கிறேன்.

இதைப் பட்டை தீட்டுவதில்லை. வைரத்துக்குப் பட்டை தீட்டினால் ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும். ஜாஸ்பருக்குள் ஒளி போகாது. அதனால் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் ஆமை முதுகு மாதிரி வளைவாகவும் தேய்க்கிறோம். அதற்குக் கேபஷான் என்று பெயர்.

ஊர் ஊராகக் கல் சேகரிப்போர் சங்கங்கள் அங்கே உண்டு. சந்தா கட்டினால் பட்டறையைப் பயன்படுத்தலாம். நான் போன பட்டறையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். முதல் நாள் என் கையில் ஒரு கல்லையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்து, "நனைச்சு நனைச்சுப் பாரு. இன்னிக்கு ரம்பத்துப் பக்கம் வராதே" என்றார். மூன்று சனிக்கிழமை இப்படியே போயிற்று!

காரணம் இருக்கிறது. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் வட்டம் தெரியும், நெடுக்கே வெட்டினால் கோடு தெரியும், இல்லையா? இந்தக் கல்லும் அப்படித்தான். அடுக்குக்கு இணையாக அறுத்தால் வெறும் பழுப்புத் தகடு. குறுக்கே அறுத்தால் வரிவரியாக வரும். கொஞ்சம் சாய்த்து அறுத்து வளைவாகத் தேய்த்தால்தான் அந்த வரிகள் வளைந்து குன்றாக மாறும். ஒரே கல், மூன்று முடிவு. போதாததற்கு, ரம்பம் ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் கல்லைத் தின்றுவிடும். அந்தப் பொடியில் ஒரு மேகம் போயிருக்கலாம். திரும்பக் கிடைக்காது.

அறுப்பது மெதுவான வேலை. ரம்பத்துக்குப் பல் கிடையாது, விளிம்பில் வைரத்தூள்தான். உள்ளங்கை அகலக் கல்லுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அரை சென்டிமீட்டர் தகடாக எடுத்து, அலுமினியக் கம்பியால் முட்டை வடிவம் வரைந்துகொள்ள வேண்டும். பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துவிடும், அலுமினியக் கோடு நிற்கும். நம் ஊர் ஆசாரி நகையை அரக்கில் பதிப்பது போல, கல்லைக் குச்சியில் அரக்கு வைத்து ஒட்டிக்கொண்டு தேய்க்க வேண்டியதுதான். 80 நம்பர் சாணையில் உருவம், 220-இல் வளைவு, பிறகு 600, 1200, 3000. கடைசியில் தோல் வட்டில் சீரியம் ஆக்ஸைடு.

ஒரு ரகசியம் சொல்கிறேன். ஈரமாக இருக்கும்போது எல்லாக் கல்லும் பளபளக்கும், நம்பாதீர்கள். ஒவ்வொரு படியிலும் துடைத்து, உலரவிட்டு, விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். 80 நம்பர் போட்ட ஒரு கீறல் மிச்சமிருந்தால் 3000 நம்பர் அதைப் போக்காது, பளபளப்பாக்கித்தான் காட்டும்.

நேற்று மெக்கானிக்கல் மாணவர்கள் இரண்டு பேர், "ஆங்கிள் கிரைண்டர் போதாதா சார்?" என்று கேட்டார்கள். தண்ணீர் இல்லாமல் என்றால், தம்பி, தொடவே தொடாதே. இந்த மேடைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் மணி செய்த பட்டறைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். குஜராத்தின் கம்பாத்தில் இன்றைக்கும் அகேட் கல்லைத் தேய்க்கிறார்கள். அகேட்டும் ஜாஸ்பரும் ஒரே குடும்பம், இரண்டும் சிலிக்கா. அங்கே வீட்டிலேயே சாணை வைத்து உலர்வாகத் தேய்த்த தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் நோய் வந்ததை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். குணப்படுத்த மருந்து இல்லை. இதே தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

நான் மூன்று சனிக்கிழமை கல்லை நனைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது, ஏனென்றால் என் சோறு வேறு இடத்திலிருந்து வந்தது. மணிக்கணக்குப் பார்த்துக் கூலி வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே வேலை, எனக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு மூச்சு.

ஆகவே சாணை மேல் எப்போதும் தண்ணீர் ஓடட்டும். தெறிக்கிற சாரலிலும் தூள் உண்டு, நல்ல முகக்கவசம் வேண்டும். காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள், அடியில் படிந்து கெட்டியாகிவிடும். எங்கள் சங்கத்தில் குழாய் அடைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று!

பின்னால் நூலக மேஜையில் பதினொரு கற்கள் வைத்திருக்கிறேன். பத்து மெருகேற்றியவை. ஒன்று அறுக்காதது, பக்கத்தில் குவளையில் தண்ணீரும் இருக்கிறது. எந்தப் பக்கம் அறுக்கலாம் என்று நனைத்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். ஊருக்குப் போவதற்குள் வந்து பார்க்கிறேன்.