விருதுக்கு முன்னாடி என்ன கொடுத்தாங்க?

இன்னிக்கு எபிசோட் கோட்டூர்புரத்துல இருந்து. இங்க நின்னா ஒரு பக்கம் அண்ணா நூற்றாண்டு நூலகம், பக்கத்துலயே அண்ணா பல்கலைக்கழகம், இன்னும் கொஞ்ச தூரம் போனா ஐஐடி. படிக்கறவங்களும் சொல்லிக்கொடுக்கறவங்களும் சேர்ந்து டிராஃபிக் ஜாம் பண்ற ஏரியா. அதனால, ஒரு பல்கலைக்கழகத்துல நல்லா வேலை செய்றவங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் எப்படி மரியாதை செய்யணும்னு பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல்ல ஒரு கணக்கு. செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். தேசிய நல்லாசிரியர் விருது கொடுக்கற நாள். ரொம்ப காலமா அது பள்ளி ஆசிரியர்களுக்கான விருதாத்தான் இருந்தது. 2023லதான் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களையும் சேர்த்தாங்க. அந்த வருஷம் மொத்தம் 75 பேருக்கு விருது. அதுல உயர்கல்விக்கு 13. நாடு முழுக்க உயர்கல்வியில எத்தனை ஆசிரியர்கள்? மத்திய அரசோட 2021-22 கணக்கெடுப்புப்படி ஏறக்குறைய 16 லட்சம். அதாவது லட்சத்துக்கு ஒருத்தர்கூட இல்லை.

இதை நான் குறையா சொல்லல. விருதுன்னா எண்ணிக்கை கம்மியாத்தான் இருக்கும். ஆனா அந்த 13 பேரைத் தவிர மத்த எல்லாருக்கும் என்ன? இன்னொரு விஷயம், அந்த விருது ஆசிரியர்களுக்கு மட்டும். லேப்ல மெஷினை உயிரோட வெச்சிருக்கறவங்க, நூலகத்துல இருக்கறவங்க, தேர்வுப் பிரிவுல ராத்திரி வரைக்கும் மார்க் ஷீட் சரிபார்க்கறவங்க, ஹாஸ்டல் ஆபீஸ், இவங்க யாரும் அந்தக் கணக்குலயே வர்றதில்லை.

அதனால இன்னிக்கு ஆசிரியர் இல்லாத ஒரு பல்கலைக்கழக ஊழியரோட கதையை எடுத்துக்கலாம். நம்ம சென்னைக் கதை. எஸ். ஆர். ரங்கநாதன்.

பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. சீர்காழிக்காரர், 1892ல பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கணக்கு எம்.ஏ. படிச்சுட்டு, மங்களூர், கோயம்புத்தூர்னு வேலை பார்த்து, மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா வந்து சேர்ந்தார். 1924ல சென்னைப் பல்கலைக்கழகம் முதல் முறையா ஒரு முழுநேர நூலகரைத் தேடுது. நூத்துக்கணக்குல விண்ணப்பம் வந்ததாம். நூலகப் பயிற்சி எடுத்தவங்கன்னு தேடினா ஒருத்தரும் இல்லை. ரங்கநாதனுக்கும் இல்லை. சம்பளம் நல்லா இருக்கேன்னு நண்பர்கள் தள்ளிவிட்டதுலதான் அவரும் விண்ணப்பம் போட்டிருக்கார். வேலை கிடைச்சுடுச்சு.

சேர்ந்து கொஞ்ச நாள்லயே போர் அடிச்சுப் போச்சு. கிளாஸ்ரூம்ல பசங்களோட இருந்த மனுஷன். இங்க யாரும் வர்றதில்லை, பேச ஆள் இல்லை. திரும்பவும் கணக்கு சொல்லிக்கொடுக்கவே போயிடறேன்னு கேட்டிருக்கார். இன்னிக்கு ஒரு நிர்வாகம் இதுக்கு என்ன பதில் சொல்லும்? 'சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகல, என்ன சார் இது?'ன்னு ஒரு மெமோ வந்திருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் வேற மாதிரி முடிவு எடுத்தது. லண்டன் போய் இந்தத் துறையைப் படிச்சுட்டு வாங்க, அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா கல்லூரிக்குத் திரும்பிடலாம்னு அனுப்பி வெச்சுது.

அங்க லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல நூலகப் பள்ளி. கிராய்டன் நகர நூலகத்தோட தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ்தான் அவருக்கு வழிகாட்டி. ஊர் ஊராப் போய் நூலகங்களைப் பார்த்தார். ஒரு கடையில மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்து, அதே சில துண்டுகளை மாத்தி மாத்திக் கோர்த்தா வேற வேற பொம்மை வருதே, புத்தகங்களோட பாடத்தையும் இப்படித் துண்டு துண்டாப் பிரிச்சுக் கோர்க்கலாமேன்னு யோசிச்சது அங்கதான். பின்னாடி 1933ல வந்த கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் விதை.

1925ல திரும்பி வந்தார். வந்தவர் கணக்கு வாத்தியார் வேலைக்குப் போகல. அலமாரிகளைத் திறந்துவிட்டார். அதுவரைக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துட்டு, ஊழியர் எடுத்துட்டு வர்றதுக்காகக் காத்திருக்கணும். இப்போ வாசகர் நேராப் போய்த் தானே புத்தகத்தை எடுத்துப் புரட்டலாம். புத்தகம் தொலைஞ்சா நூலகர்தானே பதில் சொல்லணும்? அந்த ரிஸ்க்கைத் தாண்டித்தான் செஞ்சார். 1928ல சென்னை நூலகச் சங்கம். 1929ல அந்தச் சங்கம் நடத்தின நூலகப் பயிற்சி வகுப்பை, 1931ல பல்கலைக்கழகமே எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. அதே 1931லதான் அவரோட ஐந்து விதிகள் புத்தகம். உலகம் முழுக்க நூலக அறிவியல் படிக்கற பசங்க இன்னிக்கும் அதுலதான் ஆரம்பிக்கறாங்க.

இப்போ நம்ம விஷயத்துக்கு வரலாம். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது 1957ல. தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனது 1965ல. நூலகர் ஆகி முப்பது, நாப்பது வருஷத்துக்கு அப்புறம். ஆனா அந்த வேலையை முடிய வெச்சது அந்தப் பட்டங்கள் இல்லை. 1924ல கிடைச்ச மூணு விஷயங்கள். நல்ல சம்பளம். படிக்க நேரமும் செலவும். திரும்பி வந்ததும், இருக்கற முறையை மாத்திப் பார்க்கற அதிகாரம். இதை எல்லாம் அவர் எதையும் சாதிக்கறதுக்கு முன்னாடியே கொடுத்தாங்க. அந்தப் பல்கலைக்கழகம் எல்லாத்துலயும் அவருக்குத் தங்கத் தாம்பாளம் நீட்டுச்சுன்னு சொல்ல வரல. ஏறத்தாழ இருபது வருஷம் கழிச்சு அவர் அந்த வேலையை விட்டுட்டுத்தான் போனார். ஆனா ஆரம்பத்துல எடுத்த அந்த ஒரு முடிவு சரியானது.

அவர் அடுத்துப் போன இடம், பனாரஸ் இந்து பல்கலைக்கழகம். கூப்பிட்டவர் அங்க துணைவேந்தரா இருந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். ஆமா, யாரோட பிறந்தநாளை நாம ஆசிரியர் தினமாக் கொண்டாடறோமோ அவரேதான். ராதாகிருஷ்ணன் அவரைக் கூப்பிட்டுச் சால்வை போட்டு அனுப்பல. லட்சம் புத்தகம் ஒழுங்கில்லாமக் கிடக்கு, உங்க முறைப்படி அடுக்கிக் கொடுங்கன்னு ஒரு பெரிய நூலகத்தையே கையில கொடுத்தார். நல்லா வேலை செய்றவங்களுக்கு இன்னும் பெரிய வேலை, அதைச் செய்ய முழு சுதந்திரம். இதுவும் ஒரு பாராட்டுதான். சொல்லப்போனா, வேலையை நேசிக்கற ஆளுக்கு இதுதான் பெரிய பாராட்டு. ஒரே ஒரு கண்டிஷன். அதுக்கேத்த பதவியும் சம்பளமும் கூடவே வரணும். இல்லன்னா நல்லா உழைக்கறவங்க தலையிலேயே எல்லாத்தையும் கட்டறதுன்னு ஆயிடும். எல்லா ஆபீஸ்லயும் அது நடக்குது, உங்களுக்கே தெரியும்.

இப்போ இன்னிக்கு நிலைமை. 2010ல யுஜிசி ஒரு மதிப்பெண் முறை கொண்டு வந்தது. ஏபிஐன்னு சொல்வாங்க. கட்டுரை போட்டா இத்தனை பாயின்ட், கருத்தரங்குல பேசினா இத்தனை, புத்தகம் எழுதினா இத்தனை. பதவி உயர்வுக்கு அந்தக் கூட்டல்தான் கணக்கு. நோக்கம் என்னமோ நல்லதுதான். சிபாரிசு, சாதி, தெரிஞ்ச முகம், இதை எல்லாம் விட எண் நேர்மையானதுன்னு நினைச்சாங்க. ஆனா எண்ணுக்குப் பின்னாடி எல்லாரும் ஓட ஆரம்பிச்சதும், காசு கொடுத்தா கட்டுரை போடற ஜர்னல்கள் மழைக்கால ஈசல் மாதிரி கிளம்பிடுச்சு. அதைத் தடுக்க 2018ல தரமான இதழ்களுக்கு ஒரு பட்டியல், யுஜிசி-கேர். 2025 பிப்ரவரியில அந்தப் பட்டியலையும் கைவிட்டுட்டாங்க. கல்லூரி ஆசிரியர்களுக்கான விதிகளை 2018லயே கொஞ்சம் தளர்த்தினாங்க, ஆனா எண்ணிப் பார்க்கற பழக்கம் மட்டும் போகல.

ரங்கநாதனை அந்தப் படிவத்துல போட்டுப் பாருங்க. புத்தகங்களுக்கு பாயின்ட் கொட்டியிருக்கும். அலமாரியைத் திறந்துவிட்டாரே, அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடறது? ஃபெயிலாகப் போற பையனை உட்கார வெச்சு மூணு மாசம் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு எத்தனை பாயின்ட்? பழைய கருவியை ரிப்பேர் பண்ணி, ஒரு பிஹெச்டி மாணவியோட ஒரு வருஷத்தைக் காப்பாத்தின லேப் டெக்னீஷியனுக்கு? அவருக்குப் படிவமே கிடையாது.

இதுக்கும் கீழ ஒரு படி இருக்கு. கௌரவ விரிவுரையாளர்கள். பேர்லயே கௌரவம் இருக்கு. 2019ல யுஜிசி இவங்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய்னு வழிகாட்டுதல் கொடுத்தது. அந்தத் தொகையைக் கேட்டு தமிழ்நாட்டுல எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு! 2024 ஆரம்பத்துல வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தோட வங்கிக் கணக்குகளை முடக்கினப்போ, நூத்தி அறுபது வருஷத்துக்கும் மேல பழமையான பல்கலைக்கழகத்துல வேலை செய்றவங்க இந்த மாசச் சம்பளம் வருமான்னு கவலைப்பட வேண்டியிருந்தது. அந்த நிலைமையில 'சிறந்த ஊழியர்'னு ஒரு கேடயத்தை நீட்டினா, அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மாசம் பிறந்தா சம்பளம் வரணும். மரியாதைங்கறது அங்கதான் ஆரம்பிக்குது.

சரி, விருது கொடுக்கணும்னு ஒரு பல்கலைக்கழகம் முடிவு பண்ணா எப்படிக் கொடுக்கலாம்? என் பக்கத்துல இருந்து நாலு யோசனை.

முதல் விஷயம், எதுக்காகக் கொடுக்கறோம்னு வருஷ ஆரம்பத்துலயே சொல்லிடணும். கடைசியில மேடையில பேர் வாசிக்கும்போதுதான் காரணம் தெரியுதுன்னா, கீழ உட்கார்ந்திருக்கறவங்க வேற காரணத்தைத் தேடுவாங்க.

ரெண்டாவது, விண்ணப்பம் போடச் சொல்லாதீங்க. நல்லா வேலை செய்ற பல பேருக்குத் தன்னைப் பத்தித் தானே பத்து பக்கம் எழுதக் கூச்சமா இருக்கும். கூட வேலை பார்க்கறவங்க, மாணவர்கள் பரிந்துரைக்கட்டும். முக்கியமா, படிச்சு முடிச்சு அஞ்சு வருஷம் ஆனவங்களைக் கேளுங்க. செமஸ்டர் நடுவுல யாரு இன்டர்னல் மார்க்கை அள்ளிப் போட்டாங்களோ அவங்கதான் பிடிக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு யாரு உண்மையிலேயே கத்துக்கொடுத்தாங்கன்னு தெரியும்.

மூணாவது, ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கும், ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கும் அதே மேடை, அதே தொகை.

நாலாவது, பரிசா நேரம் கொடுங்க. ஒரு செமஸ்டர் வகுப்புச் சுமையைக் குறைங்க. டெக்னீஷியன்னா அவருக்குப் பிடிச்ச ஒரு பயிற்சிக்குச் சம்பளத்தோட அனுப்புங்க. 1924ல முடிஞ்சது இன்னிக்கு முடியாதா?

இதைக் கேக்கற உங்கள்ல பாதிப் பேர் மாணவர்கள். 'நாங்க என்ன பண்ண முடியும்?'னு தோணலாம். பண்ண முடியும். செமஸ்டர் முடிவுல ஃபீட்பேக் படிவம் வருமே, எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டு ஓடாதீங்க. கருத்து எழுதற கட்டத்துல ரெண்டு வரி எழுதுங்க. 'நல்ல டீச்சர்'னு எழுதினா அதால ஒரு பிரயோஜனமும் இல்லை. என்ன செஞ்சாங்க, எப்போ செஞ்சாங்க, அதால உங்களுக்கு என்ன மாறிச்சு, இந்த மூணும் அதுல இருக்கணும். படிச்சு முடிச்சுட்டீங்கன்னா, அதையே துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் ஒரு கடிதமா அனுப்புங்க. எங்கயோ ஒரு ஃபைல்ல அது சேரும். அடுத்த பதவி உயர்வுக்கோ, ஒப்பந்தம் புதுப்பிக்கறதுக்கோ யாராவது அந்த ஃபைலைத் திறக்கும்போது, உள்ள ஒரு ஆதாரம் இருக்கும்.

ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்க ஆய்வேட்டுல நன்றியுரைப் பக்கம் இருக்கும். கைடு, அப்பா அம்மா, நண்பர்கள் எல்லாரும் இருப்பாங்க. அந்த லேப் டெக்னீஷியன், அந்த நூலகர், அவங்க பேரை முழுசா, சரியான எழுத்துல போடுங்க. 'லேப் ஊழியர்களுக்கும் நன்றி'ன்னு மொத்தமா முடிச்சுடாதீங்க. அந்த ஆய்வேடு இருக்கற வரைக்கும் அந்தப் பேரும் இருக்கும்.

கடைசியா ரங்கநாதன் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். வேலையை விட்டு வந்து பல வருஷம் கழிச்சு, 1950கள்ல, அவர் தன்னோட சேமிப்புல இருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்கறதுக்கு. அதுக்கு மனைவியோட பேரையும் சேர்த்து, சாரதா ரங்கநாதன் இருக்கைன்னு பேர். அந்தக் காலத்து ஒரு லட்சத்தோட மதிப்பு என்னன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. லண்டனுக்கு அனுப்பி வெச்ச செலவு எப்பவோ வசூலாயிடுச்சு.

அடுத்த தடவை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வந்தா, வழக்கம்போல சொந்தப் புத்தகம் படிக்கற ஹாலுக்கு நேராப் போயிடாதீங்க. ஒரு மாடி ஏறிப் போய், அலமாரியில இருந்து நீங்களே ஒரு புத்தகத்தை எடுங்க. தேடினது கிடைக்கலன்னா, அங்க இருக்கற ஊழியர்கிட்ட கேளுங்க. கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்கன்னா பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

உங்க காலேஜ்ல யாருக்கு விருது கொடுக்கணும்னு நினைக்கறீங்க? என்ன காரணம்? எழுதி அனுப்புங்க. ஆனா எங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கே ஒரு காப்பி அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.