கதையும் கல்வெட்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடித்துக்கொள்ளாத நாம் பேச எழுந்தது பெருந்துணிவுதான். இளைஞர் வாசிக்கத் தக்க சரித்திர நாவல்களையும் பிற நூல்களையும் எடுத்துக் கூறுமாறு செயலாளர் பணித்தார். அப்பணியைத் தொடங்குமுன், நாவல் வாசித்து நாம் தலைகுனிந்த கதை ஒன்றைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

எங்கள் அம்மம்மாவின் தந்தையார் "கல்கி" வார இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த "பொன்னியின் செல்வ"னைப் பக்கம் பக்கமாகக் கழற்றி, ஊசி நூலாலே தைத்து, ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் ஊரோடு ஊராக இடம்பெயர நேர்ந்தபோது, அம்மம்மாவின் பையிலே முதற்பாகம் ஒன்றே புகுந்தது. மற்ற நான்கும் வீட்டோடு போயின. ஆகவே நாம் சிறுவராயிருந்த காலத்தில் முதற்பாகத்தை வாசித்தோம். எஞ்சிய நான்கையும் அம்மம்மாவின் வாயாற் கேட்டோம். விளக்கைத் தணித்து வைத்து அவர் கதை சொல்லும்போது, நந்தினி எங்கள் முற்றத்து வேலிக்கு அப்பால் நிற்பது போலவே எமக்குத் தோன்றும்.

நாம் கற்றது மிஷனரிமார் தாபித்த ஒரு பாடசாலையில். அங்கே உயர்தர வகுப்பிற் சோழர் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி கேட்டார்கள். ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்கு நந்தினியின் சூழ்ச்சியே காரணம் என்று நாம் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினோம். ஆசிரியர் ஏசவில்லை. "இந்த அம்மையாரை எந்தக் கல்வெட்டிற் கண்டீர்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அன்று நாணத்தால் முகம் சிவந்தது. இன்று எண்ணிப் பார்க்கும்போது, எமது கல்வியில் எமக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்வி அதுவே எனச் சொல்வோம்.

கல்வெட்டு உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிச் சிவன் கோயிலிலே, இராசராசன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டுக்குரிய சாசனம் ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரை அது குறிப்பிட்டு, அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலங்கள் பறிமுதலானதைக் கூறுகிறது. நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் பெயரோ தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலே குந்தவையின் கணவராக வருகிறது. அந்தப் பெயர் ஒன்றிலிருந்து ஒரு வீரனையும், அவன் குதிரையையும், அவன் குறும்பையும் கல்கி படைத்துவிட்டார். இதை அறிந்தபின் எமக்கு நாவலின் சுவை குறையவில்லை, இருமடங்காயிற்று.

எனவே நாம் சொல்ல விரும்பும் முதல் விதி இதுதான்: ஒரு நாவல் வாசித்தால் அதனருகே ஒரு வரலாற்று நூலை வைத்து வாசியுங்கள். "பொன்னியின் செல்வ"னோடு நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாற்றையோ, சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு, கதை தெரியும் என்றிருப்பவர்கள் நம்மிடையே பலர். படம் பார்த்தது தவறன்று. அதனோடு நின்றுவிடுவதே குறை.

இரண்டாவது, "சிவகாமியின் சபதம்". இதற்குத் துணைநூல் வெளியே தேட வேண்டியதில்லை. நம் வீடுகளில் உள்ள பெரியபுராணமே போதும். வாதாபியை வென்ற பரஞ்சோதியார்தாம் சிறுத்தொண்ட நாயனார் என்பதை, குருபூசை நாளில் அவர் கதையைக் கேட்கும் நம் இளைஞருள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? படைத்தலைவராய் இருந்தவர் வாளைக் கீழே வைத்து அடியாராய் வாழ்ந்தார். அந்த மாற்றத்தை மனத்திற்கொண்டு அந்நாவலை வாசித்தால், போர்க் காட்சிகள் வேறு பொருள் தரும். நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, பின் அவன் துணையால் இலங்கை அரசைப் பெற்ற மானவர்மன் நம் தீவின் வரலாற்றிலும் உள்ளவன் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

மூன்றாவது, நம்மவரின் நூல். தமிழில் எழுந்த முதற் சரித்திர நாவல் எனக் கொள்ளப்படும் "மோகனாங்கி" 1895இல் வெளிவந்தது. எழுதியவர் திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை. கல்கி பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஈழத்தவர் ஒருவர் இத்துறையிற் கால் வைத்துவிட்டார். நாமோ எமது பாடசாலை நூல்நிலையத்தில் ஸ்கொட்டின் "ஐவன்ஹோ"வை இரண்டு முறை வாசித்து முடித்த பிறகே, மோகனாங்கி என்ற பெயரைக் கேள்விப்பட்டோம். இங்கிலாந்தின் வீரரை அறிந்தது நன்று. திருகோணமலையின் எழுத்தாளரை அறியாதிருந்தது நன்றன்று.

அரசரையும் அரண்மனையையும் மாத்திரம் வாசித்தால் வரலாறு பாதியாகிவிடும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிய நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு பிரபஞ்சன் எழுதிய "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" இரண்டும், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எளிய மக்கள் பட்ட பாட்டைக் காட்டுகின்றன. பின்னையது 1995இற் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மடிந்த தொழிலாளரின் கதையைத் தோட்ட வைத்தியராயிருந்த பி. எச். டானியல் ஆங்கிலத்தில் எழுத, இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" எனத் தமிழாக்கினார். நம் மலையகத்து உறவுகளின் முன்னோர் எத்தகைய வாழ்வு வாழ்ந்திருப்பர் என்பதை அறிய, யாழ்ப்பாணத்து இளைஞர் ஒவ்வொருவரும் இதனை வாசிக்க வேண்டும். அண்மைக் காலத்து நம் கடலோர வாழ்வை அறிய, நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" இருக்கிறது.

அன்பர்களே! இப்போது சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லுகிறோம். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

சோழர் கடல்கடந்து வென்றதைப் படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதே படையெடுப்பைச் சூளவம்சம் கூறுகிறது. 1017ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாடு கொண்டு செல்லப்பட்டான், அங்கேயே இறந்தான். விகாரங்கள் கொள்ளையிடப்பட்டன என்று அந்நூல் வருந்துகிறது. நாம் வெற்றி என்று வாசிக்கும் பக்கத்தை, நம்மோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கும் சிங்கள நண்பர் துயரம் என்று வாசிக்கிறார். அவர் வெற்றி என வாசிக்கும் பக்கங்களும் உண்டு. அவை நமக்குத் துயரம். இரண்டு பக்கங்களையும் வாசித்தவனே வரலாறு வாசித்தவன்.

அவ்வாறு வாசிப்பவனுக்கு மற்றொன்றும் தெரியவரும். பொலனறுவையிலே வானவன்மாதேவீச்சரம் என்னும் சிவன் கோயிலை எழுப்பிய அதே சோழர் காலத்தில், திருகோணமலைக்கு அருகே இராசராசப் பெரும்பள்ளி என்ற பௌத்த விகாரத்துக்குத் தமிழர் தானம் செய்த தமிழ்ச் சாசனங்களும் உள்ளன. வாளை மாத்திரம் சொல்லும் கதைகள் இந்தத் தானத்தைச் சொல்லுவதில்லை. ஆகையால் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் "கம்பெரலிய"வையும் எம் பட்டியலிற் சேர்த்துக்கொள்கிறோம். 1944இல் வந்த அந்நாவலில், தென்னிலங்கைக் கிராமத்தில் நொடித்துப் போகும் ஒரு குடும்பத்தைக் காணும்போது, நம் ஊர் நாற்சார் வீடுகளே நினைவுக்கு வருகின்றன.

நம் ஊர் வரலாற்றுக்கு மயில்வாகனப் புலவரின் "யாழ்ப்பாண வைபவமாலை"யை வாசியுங்கள். அதனை ஆராய்ந்து குற்றங் குறை காட்டிய சுவாமி ஞானப்பிரகாசரின் "யாழ்ப்பாண வைபவ விமர்சன"த்தையும், இராசநாயக முதலியாரின் "யாழ்ப்பாணச் சரித்திர"த்தையும் உடன் வாசியுங்கள். மூவரும் ஒத்துப்போகாத இடங்களிலேதான் நம் மூளைக்கு வேலை பிறக்கிறது.

நூல்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அலுமாரிகள் அழிந்தன. எனினும் 2005 முதல் நூலகம் என்னும் மின்னூல் நிலையம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து இலவசமாக வைத்திருக்கிறது. கையிலுள்ள தொலைபேசியில் அரை மணி நேரம் போதும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு நாள் நம் சங்க வாசிகசாலையிற் கூடி ஒரு நாவலையும் ஒரு வரலாற்று நூலையும் வைத்துப் பேசுவோம். பெரியோர்கள் வந்திருந்து, தாம் வாசித்த காலத்தைச் சொல்லித் தர வேண்டும். பரணிலே பழைய மலரோ நூலோ இருந்தால், கறையான் அரிக்குமுன் எடுத்துத் தாருங்கள். படியெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

கேட்பவர் முதலிற் கொடுக்க வேண்டுமல்லவா? அம்மம்மா பையிற் சுமந்து வந்த அந்த முதற்பாகத்தை அவரது சம்மதத்துடன் இன்று வாசிகசாலைக்கு ஒப்படைக்கிறோம். கொடுக்கும்போது அவர் சொன்னது இது: "மற்ற நாலையும் நான் சொல்லித்தான் நீ கேட்டாய். நான் மறந்ததையெல்லாம் நானே கட்டித்தான் சொன்னனான். இனி நீங்கள் புத்தகத்தைப் பார்த்து வாசியுங்கோ."

நந்தினியைக் கொலைகாரியாக்கியது கல்கியா அம்மம்மாவா என்று நாம் இன்னமும் அவரைக் கேட்கவில்லை.