மறைந்ததை விடுத்து வரைதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் பலர். இவ்வாண்டு அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். எனினும் பதிவேடும் கணக்கும் அறிந்தோர்க்கு எளிதில் விளங்கக்கூடிய பொருளாக இஃது இருத்தலின், துணிந்து எடுத்துக்கொண்டோம். கணினி படம் வரையும்பொழுது, கண்ணுக்குப் புலப்படாத பொருள்களை வரையாது விடுத்து விரைவு பெறுவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

இரயில் எஞ்சின் ஓட்டுநர்களைப் பயிற்றுவிக்கச் 'சிமுலேட்டர்' எனும் கருவி பயன்படுகின்றது. பயிற்சி பெறுபவர் எஞ்சினுக்குள் இருப்பது போன்றே அமர்ந்திருப்பார். எதிரே திரையில் தண்டவாளமும் பாலமும் சிக்னலும் ஓடிவரும். நம் வீட்டுச் சிறுவர் ஆடும் கணினி விளையாட்டும் இத்தகையதே. இவை முன்னரே எடுத்து வைத்த திரைப்படங்கள் அல்ல. பார்ப்பவர் செல்லும் வேகத்திற்கும் திரும்பும் திசைக்கும் ஏற்ப, அவ்வப்பொழுதே புதிதாக வரையப்படுபவை.

இதன் கணக்கைச் சிறிது பார்ப்போம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 17 பங்கே. ஒரு புள்ளிக்கு நேராக ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பொருள்கள் இருந்து, ஐந்தையும் வரைந்தால், விநாடிக்கு 62 கோடியே 20 இலட்சத்து 80 ஆயிரம் முறை புள்ளி தீட்ட வேண்டும். அவற்றுள் கண்ணில் படுவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சிய நான்கு பங்கும் வீண் உழைப்பு.

முதலில் அறிஞர்களை வருத்திய வினா விரைவு அன்று; எது முன், எது பின் என்று பிழையின்றி அறிவதே. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் என்பாரும், அதே ஆண்டில் பெர்லினில் வொல்ஃப்காங் ஸ்ட்ராஸர் என்பாரும், தனித்தனியே ஒரே வழியைக் கூறினர். அதனை 'இசட்-பஃபர்' என்பர். நாம் 'ஆழப் பதிவேடு' எனலாம். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. அங்கே வரையப்பட்ட பொருள் கண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வெண் அக்கட்டத்தில் குறிக்கப்படும். புதிய பொருள் வரும்பொழுது இரு எண்களும் ஒப்பிடப்படும். புதியது அண்மையிலிருப்பின் பழையது அடிக்கப்பட்டுப் புதியது ஏறும், சேய்மையிலிருப்பின் தள்ளப்படும். இவ்வளவே அதன் சூத்திரம்.

விடை சரியாக வந்தது, உழைப்போ குறையவில்லை. ஒரு கட்டடத்திற்குப் பின்னே ஆயிரம் மரங்கள் இருப்பின், அம்மரங்களின் இலை ஒவ்வொன்றும் பதிவேடு வரை வந்தே தள்ளப்பட வேண்டியிருந்தது. ஏற்ற இடமில்லாத சரக்கை வண்டி வைத்து நிலையத்திற்குக் கொணர்ந்து, எடை போட்டு, பின்னர்த் திருப்பி அனுப்புவது போன்றதே இது. சரக்கு கிடங்கை விட்டுப் புறப்படுமுன்பே 'வேண்டா' எனச் சொல்ல வழியுண்டா? அதற்குரிய கலையையே ஆங்கிலத்தில் 'கல்லிங்' என்பர். தமிழில் 'களைதல்' என்பது ஒலியிலும் பொருளிலும் அதற்கு அண்மையில் நிற்கின்றது.

முதற் களைதலை 1976-இல் ஜேம்ஸ் கிளார்க் என்பார் விளக்கினார். பொருள்களைக் குழுக்களாகத் தொகுத்து, ஒவ்வொரு குழுவையும் கற்பனைப் பெட்டி ஒன்றினுள் அடக்க வேண்டும். பெட்டி முழுவதும் பார்வை எல்லைக்கு வெளியே இருப்பின், உள்ளிருக்கும் ஆயிரம் பொருள்களையும் ஒரே சோதனையில் விலக்கிவிடலாம். சரக்கு வண்டித் தொடர் முழுதும் வேறு வழித்தடத்திற்கு உரியதெனின், அதன் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார் உண்டோ?

ஆயினும் பார்வை எல்லைக்குள் இருந்தும், சுவருக்குப் பின் மறைந்திருப்பவற்றை என் செய்வது? இதற்கு இருவகை விடைகள் தோன்றின.

ஒன்று, முன்கூட்டியே கணக்கிடுதல். 1991-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேத் டெல்லர், கார்லோ செகின் ஆகிய இருவர், கட்டடத்தை அறைகளாகவும் வாயில்களாகவும் பிரித்தனர். ஓர் அறையில் நிற்பவர் வாயில்கள் வழியாக எவ்வெவ்வறைகளைக் காணக்கூடும் எனப் பட்டியல் வகுத்தனர். 1994-இல் திறக்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் சோடா மண்டபத்தை, அது கட்டி முடியுமுன்பே திரையில் சுற்றிக் காண இம்முறை உதவியது. 1996-இல் வெளிவந்த 'குவேக்' எனும் விளையாட்டும் இத்தகைய பட்டியலைக் கொண்டே அந்நாளைய எளிய கணினிகளில் ஓடியது. பட்டியலிட நேரம் மிகுதியாகும். ஆனால் ஒருமுறை இட்டால் போதும். எனினும் சுவர் அசையாதிருக்கும் வரையிலேயே இப்பட்டியல் செல்லும். கதவு மூடித் திறந்தாலோ, வேறொரு வண்டி குறுக்கே வந்து நின்றாலோ அதற்குத் தெரியாது.

மற்றொன்று, அவ்வப்பொழுதே கேட்டறிதல். 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தைச் சேர்ந்த கிரீன், காஸ், மில்லர் என்னும் மூவர் ஆழப் பதிவேட்டிற்குச் சுருக்கப் பதிவேடுகள் அமைத்தனர். நான்கு கட்டங்களுக்கு ஒரு கட்டம். அதில் அந்நான்கனுள் மிகத் தொலைவானதன் எண். இவ்வாறே மேன்மேலும் சுருக்கிக்கொண்டு செல்ல வேண்டும். ஒரு பெட்டியின் மிக அண்மையான முனையே சுருக்கத்தில் உள்ள எண்ணைக் காட்டிலும் தொலைவிலிருப்பின், அப்பெட்டி முழுவதும் மறைந்ததென ஒரே நோக்கில் அறியலாம். நாள் கணக்கு, மாதக் கணக்கு, ஆண்டுக் கணக்கு என எழுதி வருவோர்க்கு இதன் அருமை புலப்படும். சென்ற படத்தில் தெரிந்தவை பெரும்பாலும் இப்படத்திலும் தெரியுமாதலின், அவற்றை முதலில் வரைந்து பதிவேட்டை நிரப்பிக்கொண்டு, பின்னர் ஏனையவற்றைச் சோதிப்பது அவர்கள் கண்ட மற்றோர் உத்தி. 2022-இல் வெளிவந்த 'அன்ரியல் எஞ்சின் 5' எனும் மென்பொருளிலும் இவ்வுத்தியின் வழிவந்த முறையே பயன்படுகின்றது.

இனி, இக்கலையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். களை எடுப்போர்க்குப் பயிர் எது, களை எது என்ற ஐயம் எழுந்தால் என் செய்வர்? கையை எடுத்துவிடுவர். ஒரு களை நின்றுவிட்டால் மறுமுறை பறிக்கலாம். பயிரைப் பிடுங்கிவிட்டால் விளைச்சலே போயிற்று. இங்கும் அதுவே நெறி. பெட்டியின் ஒரு முனை வெளியே தெரிந்தால், உள்ளிருக்கும் பொருள் உண்மையில் மறைந்திருக்கக்கூடும். எனினும் வரைந்துவிட வேண்டும். வேண்டாததை வரைந்தால் நட்டம் சிறிது நேரமே. வேண்டியதை விடுத்தாலோ படம் பொய்யாகின்றது.

இப்பொய்யின் கொடுமையை இரயில்வேத் தொழிலில் உள்ளோர் நன்கு உணர்வர். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் அது காணப்படாவிட்டாலும், தெளிவின்றித் தோன்றினாலும், அது காட்டக்கூடியவற்றுள் மிகக் கடுமையான கட்டளையைக் காட்டுவதாகவே கொள்ள வேண்டும் என்பது நமது விதி. பயிற்சிக்கெனவே ஆசிரியர் சிக்னல் விளக்கை அணைத்து வைப்பது வேறு. கணினி அவசரத்தில் மெல்லிய சிக்னல் கம்பத்தை 'மறைந்தது' எனத் தவறாகக் களைந்துவிடுவது வேறு. பின்னதால் மாணாக்கர் பெறுவது பொய்ப்பாடம். நாளை அவர் பின்னே ஆயிரம் பயணிகள் அமர்ந்து வருவர். ஐயமெனின் நிறுத்துக என்பது தண்டவாளத்தின் அறம். ஐயமெனின் வரைக என்பது திரையின் அறம். இரண்டும் ஒன்றே.

சோதனைக்கும் விலையுண்டு என்பதை மறத்தல் கூடாது. ஒரு பெட்டியின் எத்தனை புள்ளிகள் தெரியும் எனப் படமிடும் பொறியையே கேட்டறியும் வசதி, 2003-இல் 'ஓபன்ஜிஎல் 1.5' எனும் பொதுநெறியில் இடம்பெற்றது. ஆனால் வினா அனுப்பி விடை வருமளவும் காத்திருப்பின், மிஞ்சிய நேரம் காத்திருப்பிலேயே கரையும். காத்திராது பழைய விடையை நம்பினால், மூலை திரும்பியதும் கட்டடம் ஒன்று திடுமெனத் தோன்றும். மறைப்பில்லாத வெட்டவெளியில் இச்சோதனையால் பயன் மிகக் குறைவு. நெருங்கிய நகரத் தெருவிலோ பயன் மிகுதி. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற நம் பழமொழியைப் பொறியாளர்தம் மேசைமீது எழுதி வைக்கலாம்.

அன்பர்களே! வரையாது விடுத்த பொருள் அழிந்துவிடுவதில்லை. அது கணினியின் நினைவில் காத்திருக்கின்றது. பார்வை திரும்பியதும் வந்து நிற்கின்றது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடாது. ஆகவே விரைந்து வரைதல் என்பது கையின் வேகத்தில் மட்டும் இல்லை. எதை விடலாம் என்பதை ஐயமற அறிவதிலும், அறியாவிடத்து விடாதிருப்பதிலுமே உள்ளது.

இத்துறையில் பணிபுரியும் நம் சங்கத்து இளைஞர்கள், வரும் ஆண்டுகளில் இம்மேடையேறி, நாம் தொட்டுக் காட்டியதை நல்ல தமிழில் விரித்துரைக்க வேண்டும் என வேண்டி அமைகின்றோம்.