பக்கத்து வீட்டு நாய் பட்டினி கிடந்தால்

வளர்ப்புப் பிராணியைப் புறக்கணிப்பது என்றால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. தண்ணீர் வைக்க மறப்பது, நாள் முழுக்கச் சங்கிலியை அவிழ்க்காமல் இருப்பது, புண்ணைப் பார்த்தும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகாதது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது எல்லாம் இதில் அடங்கும். அடித்தால் நாய் கத்தும், நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பட்டினி போட்டால் சில நாளில் அது கத்துவதையும் நிறுத்திவிடும். கண்ணில் பட்டவர்களுக்கும் அடுத்த வீட்டு விஷயத்தில் எப்படித் தலையிடுவது என்ற தயக்கம் வந்துவிடுகிறது.

இந்த நிலைமை பெரும்பாலும் கொடுமனத்தால் வருவதில்லை. பையன் அடம்பிடித்தான் என்று குட்டி வாங்கியிருப்பார்கள். அவன் கல்லூரி விடுதிக்குப் போனதும் நாய் பாட்டியின் பொறுப்பாகிறது, பாட்டிக்கோ முழங்கால் வலி. சைபீரியன் ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு இனத்தைச் சென்னை வெயிலுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஏ.சி. செலவு கட்டுப்படியாகாமல் கார் நிறுத்துமிடத்தில் கட்டிப்போடுபவர்களும் உண்டு. வேலை போனவர்கள், நோயில் விழுந்தவர்கள், புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டார் என்று காரணங்கள் வீட்டுக்கு வீடு மாறும். காரணம் எதுவென்று தெரிந்தால்தான் அந்த வீட்டுக்கு எது உதவும் என்பதும் தெரியும்.

முதலில் அடையாளங்கள். கழுத்துப் பட்டையும் தோலும் சேரும் இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டியாக இருந்தபோது மாட்டிய பட்டையை நாய் வளர வளரத் தளர்த்தாமல் விட்டால், அது சதைக்குள் இறங்கும். மேலே ரோமம் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. அந்த இடத்தில் ரோமம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வதும், சீழ் வாடை அடிப்பதும், ஈ மொய்ப்பதும்தான் முதலில் தெரியும். ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். அந்தக் கட்டத்தில் பட்டையை வீட்டில் வெட்டி எடுக்க முயலக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது.

அடுத்தது தண்ணீரும் நிழலும். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் சிறிது வேர்க்கும். வெப்பத்தை வெளியேற்ற நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதற்கு உள்ள முக்கிய வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக. காலை 8 மணிக்கு மாமரத்தடி நிழலில் நாயைக் கட்டிவிட்டு அலுவலகம் போகிறவர், நிழல் நகரும் என்பதை யோசிப்பதில்லை. பிற்பகல் 2 மணிக்கு அதே இடம் வெட்டவெளி. சங்கிலி சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் எப்போதோ கவிழ்ந்திருக்கும். வீட்டுக்காரர் திரும்பி வரும்போது அந்த இடத்தில் மறுபடி நிழல் வந்திருக்கும். நடுவில் நடந்ததைப் பார்த்தவர் பகலில் வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே.

சடை பிடித்த ரோமம், வளைந்து உள்ளே திரும்பிய நகம், காதோரம் கொத்தாக அப்பிய உண்ணி, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடப்பது, கை ஓங்காமலே பதுங்குவது, கழிவின் மீதே படுத்துக்கிடப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

மெலிவை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது தவறாகப் போகலாம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்மூர் வேட்டை நாய்கள் இயல்பிலேயே ஒடிசலானவை. நன்றாகச் சாப்பிடும் சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரியும். லாப்ரடார் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பட்டினியாகத் தோன்றும். தொடையில் சதைப்பிடிப்பு இருக்கிறதா, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ள கிழட்டு நாய் எவ்வளவு கவனித்தாலும் இளைக்கும். அந்த வீட்டில் மாதாமாதம் மருந்துக்குப் பணம் போய்க்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் போய் 'நாயைப் பட்டினி போடுகிறீர்கள்' என்று சொன்னால் உறவு அன்றோடு முறிந்தது.

புறக்கணிப்பு மதில் சுவரோடு நிற்பதும் இல்லை. நாயின் உடம்பிலிருந்து இறங்கும் உண்ணிகள் சுவர் விரிசல்களில் ஒளிந்து முட்டையிட்டுப் பெருகும். அடுத்த வீட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வர அது போதும். தடுப்பூசி போடாத நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினால் தெருவுக்கே ரேபிஸ் பயம். எலிக்காய்ச்சல் கிருமியை நாயின் சிறுநீரும் பரப்பும். பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்பதை வம்பு என்று ஒதுக்க முடியாது.

கேட்கும் விதம்தான் முக்கியம். "ஏன் சார் நாயை இப்படிக் கொல்றீங்க?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அண்ணே, ஜிம்மி கழுத்துல பட்டை இறுக்கமா இருக்கு போல, ஈ மொய்க்குது, பாத்தீங்களா?" என்றால் வீட்டுக்காரர் குனிந்து பார்ப்பார். நாயின் பெயரைச் சொல்வதும், கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்வதும், தனியாக இருக்கும்போது சொல்வதும் பலன் தரும். கையோடு ஓர் உதவியையும் நீட்டினால் இன்னும் நல்லது. "சாயந்திரம் நான் வாக்கிங் போறப்ப அதையும் கூட்டிட்டுப் போறேன் அக்கா" என்று ஒருவர் சொன்னதால் சங்கிலியிலிருந்து தப்பிய நாய்கள் பல தெருக்களில் உண்டு. செலவுதான் தடை என்றால் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லலாம். உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6, உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டிப் பல ஊர்களில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கே எழும் புகார் பெரும்பாலும் குரைப்புச் சத்தத்தைப் பற்றியது. சங்கம் கடிதம் அனுப்பும். வீட்டுக்காரர் நாயைக் குளியலறையில் அடைத்துக் கதவைச் சாத்துவார். சத்தம் நின்றுவிடும், சங்கத்துக்குத் திருப்தி, நாய்க்கு மட்டும் வெளிச்சமும் காற்றும் போயிற்று. நாள் முழுக்கத் தனியே பால்கனியில் கிடப்பதால்தான் அது குரைக்கிறது என்பது தெரிந்தால், கடிதத்தில் அதைத்தான் எழுத வேண்டும்.

சில நல்ல எண்ணங்கள் கெடுதலில் முடிவதும் உண்டு. மதிலுக்கு மேலாக மிச்ச பிரியாணியை வீசுவது அவற்றில் ஒன்று. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். பல நாள் பட்டினி கிடந்த பிராணிக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்து. சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். மதிலேறிக் குதித்துச் சங்கிலியை அவிழ்ப்பது அடுத்தது. அது சட்டப்படி அத்துமீறல். நாயை எடுத்துப் போனால் திருட்டு. கடிபடும் வாய்ப்பு வேறு. வீட்டுக்காரரின் முகத்தையும் முகவரியையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதால் அவர் வெட்கப்பட்டுத் திருந்திவிடுவார் என்று எண்ணுவது வீண். பெரும்பாலும் நாயை வீட்டின் பின்புறத்துக்கு, பார்வை படாத இடத்துக்கு மாற்றிவிடுவார்.

பேசியும் பயனில்லை என்றால் சட்டம் இருக்கிறது. அதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பலனாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும் என்று 3-வது பிரிவு சொல்கிறது. எவையெல்லாம் வதை என்பதை 11-வது பிரிவு வரிசைப்படுத்துகிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட வாய்ப்புத் தராதது, போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் தராதது, பட்டினியால் துன்பப்படும் நிலையில் கைவிட்டுப் போவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2014-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் பசி, பயம், நோய் முதலியவற்றிலிருந்து விலங்குகளுக்கு இருக்க வேண்டிய ஐந்து சுதந்திரங்களை இந்தப் பிரிவுகளோடு சேர்த்துப் பொருள் கொண்டது. தமிழகம் பெரிதும் எதிர்த்த தீர்ப்பு அது. கொல்லைப்புறத்தில் கட்டிக்கிடக்கும் நாய்க்கு அதில் உதவக்கூடிய வரிகள் இருப்பதை யாரும் அதிகம் பேசவில்லை.

சட்டத்தின் பலவீனம் தண்டனையில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இன்று 50 ரூபாய்க்கு ஒரு கிலோ நாய் உணவுகூடக் கிடைக்காது. ஆகவே அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. இந்தச் சட்டத்தின் பலம் அதன் விவரிப்பில் இருக்கிறது. 'நாயைக் கொடுமைப்படுத்துகிறார்' என்ற பொத்தாம்பொதுவான மனுவை ஓரமாகப் போட்டுவிடலாம். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, மூன்றடிச் சங்கிலியில், நிழலில்லாத இடத்தில், தண்ணீர் இல்லாமல்' என்று 11-வது பிரிவின் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்து எழுதிய மனுவை அப்படித் தள்ளுவது கடினம்.

அதற்குக் குறிப்பு வேண்டும். ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், பார்த்தது என்று எழுதி வரலாம். சொந்த மாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ தேதி தெரியும்படி படம் எடுக்கலாம். இன்னொரு வீட்டாரும் பார்த்திருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் நாள் தள்ளிப்போட இடமில்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு தொடர முடியாது என்று 36-வது பிரிவு சொல்கிறது.

மனுவை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ளலாம். மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் நகல் அனுப்பலாம். பட்டினி போடுவதும் கட்டிப்போடுவதும் போலீசார் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்களாக இச்சட்டத்தில் வகுக்கப்படவில்லை. விசாரணைக்கு நடுவரின் அனுமதி வேண்டும். காவல் நிலையத்தில் 'இதில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்ற பதில் வருவதற்கு இது ஒரு காரணம். அந்தப் பதில் பாதிதான் சரி. குற்றம் நடப்பதாக நம்பக் காரணமிருந்தால், காவலருக்கு மேற்பட்ட பதவியிலுள்ள எந்தப் போலீஸ் அதிகாரியும் பிராணியைக் கைப்பற்றி நடுவர் முன்போ கால்நடை மருத்துவர் முன்போ பரிசோதனைக்குக் கொண்டுபோக 34-வது பிரிவு இடம் தருகிறது. மனுவில் இந்தப் பிரிவின் எண்ணையும் எழுதிவிடுவது நல்லது. பூட்டிய வீட்டுக்குள் பிராணி தவிக்கிறது என்றால் மனு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. 112-க்கு அழைத்து, உதவி வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

கூண்டில் பச்சைக்கிளி இருந்தால் அது வேறு கணக்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுக் கிளிகளை வளர்ப்பதே குற்றம், எவ்வளவு பாசமாக வளர்த்தாலும். நட்சத்திர ஆமைக்கும் இதே விதி. இவற்றுக்கு வனத்துறையை அணுக வேண்டும்.

புகார் கொடுப்பவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய இன்னொன்று, கைப்பற்றப்படும் பிராணி எங்கே போகும் என்பது. விலங்குக் காப்பகங்களில் இடமும் ஆளும் எப்போதும் பற்றாக்குறைதான். வீட்டுக்காரரே மனமுவந்து விட்டுக்கொடுத்து, தெரிந்த ஒரு குடும்பம் எடுத்துக்கொள்வதுபோல் நல்ல முடிவு வேறில்லை. அதற்கு வழியில்லாமல் வழக்கு நடந்து, வீட்டுக்காரர் குற்றவாளி என்று தீர்ப்பானால், பிராணியை அவரிடம் விட்டால் மேலும் வதைபடும் என்று நம்பக் காரணமிருக்கும்போது உரிமையையே பறிக்க 29-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. சிகிச்சைக்காக விலங்கு மருத்துவ இல்லத்துக்கு அனுப்ப நடுவர் உத்தரவிட்டால், கொண்டுபோகும் செலவும் தீனிச் செலவும் மருத்துவச் செலவும் உரிமையாளர் தலையில் விழும் என்று 35-வது பிரிவு சொல்கிறது. 50 ரூபாய் அபராதத்தைப் பார்த்துச் சிரித்தவருக்கு இந்தக் கணக்கு ஆயிரக்கணக்கில் வரலாம். உரிமையாளர் ஏழை என்று நடுவர் கருதினால் சிகிச்சைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் அதே பிரிவில் இடமிருக்கிறது.