கழித்த நீரின் மறுபயன்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் வாழும் மட்டாஞ்சேரியைச் சூழ்ந்திருப்பது நீரே. எனினும் அது உப்பு நீர். நாம் பருகும் நீரோ தொலைவிலுள்ள ஆறுகளினின்று குழாய் வழியே வருவது. 2023 பிப்ரவரியில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதுற்றபோது மேற்குக் கொச்சி பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. குடத்துடன் லாரியை எதிர்நோக்கி நின்ற நாமே அந்நன்னீரைக் கழிப்பறையிலும் முற்றத்திலும் கொட்டுவது முறையாகுமா?

சென்னை மாநகர் இதற்கு ஒரு வழி கண்டுள்ளது. 2019 கோடையில் அங்கு ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. அவ்வாண்டே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தரவல்ல நிலையம் ஒவ்வொன்று தொடங்கப்பெற்றது. சாக்கடை நீரைப் பலபடி வடிகட்டி, நுண்சவ்வினூடே அழுத்திச் செலுத்தித் தூய்மை செய்து, தனிக் குழாய் வழியே ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். ஆலைகள் கொள்ளும் நன்னீர் அந்த அளவுக்கு மக்களுக்கு மிஞ்சுகிறது.

அத்தகைய எந்திரங்கள் நம் வீடுகளில் இல்லை. ஆதலின் நமக்கு இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். துணி அலசிய கடைசி நீரையும் அரிசி களைந்த நீரையும் மட்டுமே சேமிப்போம். கழிப்பறை நீரும், நோயாளியின் ஆடையோ குழந்தையின் அணையாடையோ அலசிய நீரும் ஒருபோதும் ஆகா. துணி அலசிய நீரால் கழிப்பறையைக் கழுவலாம். வாழைக்கும் தென்னைக்கும் வேரில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினாவுக்கு அது வேண்டா. அன்றன்றே செலவிடுக, தேங்கினால் நாற்றமும் கொசுவும் பெருகும். கையாண்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக.

அனைத்தினும் தலையாய விதி ஒன்றுண்டு: அந்நீர் குடிநீரோடு கலத்தலாகாது. பல நாடுகளில் மறுபயன் நீர்க் குழாய்க்கு ஊதா வண்ணம் தீட்டுகின்றனர். நம் காலனியிலும் வீட்டுக்கு ஓர் ஊதா வாளி வைப்போம். எழுத்தறியாச் சிறு குழந்தையும் வண்ணத்தை அறியுமன்றோ? அவ்வாளி நீரைப் பருகலாகாதென்று இன்றே நம் மக்களுக்குப் பழக்குவோம். சிக்கனத்தின் பெயரால் பிள்ளைகளின் நலத்தைப் பணயம் வைத்தல் சிக்கனமாகாது.