ஆலிமாவும் கூத்தியும்



நாவலொன்றில் வரும் கலியாண வீட்டிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குகிறேன். எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்பூஸ் 1988 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கெய்ரோ முந்நாவல் வரிசையின் முதல் நூல் 1956 இல் வெளிவந்தது. அதிலே அஹ்மத் அப்துல் ஜவாத் என்றொரு வியாபாரி வருகிறார். வீட்டில் அவர் சிங்கம். மனைவி ஆமினா வாசற்படி தாண்டவும் அனுமதியில்லை. இரவானதும் அவரே பாட்டும் ஆட்டமுமான வீடுகளைத் தேடிப் போவார். மகள் ஆயிஷாவின் கலியாணத்துக்குப் பாட வந்தவள் ஜலீலா. அவள் சற்று மது அருந்தியவள். எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெரிய மனிதரிடம் பழைய உரிமையோடு பேசிவிடுகிறாள். வீட்டார் காதில் அது இடியாய் விழுகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, கலியாணமும் நடக்கிறது.

ஜலீலாவும், அதே நாவலில் வரும் சுபைதாவும் 'ஆலிமா' எனப்படும் வகுப்பைச் சேர்ந்தவர்கள். நமது முஸ்லிம் சகோதரர்கள் மார்க்க அறிஞரை 'ஆலிம்' என்று அழைப்பதை நாம் அறிவோம். அதன் பெண்பாலே ஆலிமா. கற்றறிந்தவள் என்பது பொருள். கவிதை தெரிந்தவள், இசை தெரிந்தவள், அந்தப்புரத்துப் பெண்களுக்குப் பாடவும் அவர்களின் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் வல்லவள். 1836 இல் வெளியான தமது நூலில் எட்வேர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் இவர்களையும், தெருவில் ஆடிய 'கவாஸி' என்ற ஆடற்குலப் பெண்களையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். ஆலிமா பாடும்போது ஆண்கள் அவள் குரலைத்தான் கேட்பார்கள். மரச் சல்லடைத் தட்டிக்குப் பின்னால் இருக்கும் அவள் முகத்தைக் காணமாட்டார்கள். கவாஸிப் பெண்களோ முகத்திரையின்றி வெளியிடங்களில் ஆடினார்கள். காலப்போக்கில் இந்த வேறுபாடு கரைந்தது. கற்றறிந்தவள் என்ற சொல் கூலிக்கு ஆடுபவள் என்று இறங்கியது. 'ஆடற்காரியின் மகனே' என்பது இன்றும் எகிப்தில் ஒரு வசைமொழி.

நான் தமிழ் ஆசிரியன். இந்த இடத்தில் எனக்கு நமது சொல்லொன்று நினைவுக்கு வருகிறது. கூத்தன் என்றால் யார்? தில்லையிலே ஆடுகின்ற பெருமான். கூத்தி என்றால் யார்? வகுப்பிலே அச்சொல்லை உச்சரிக்கும்போதே பின்வாங்கில் சிரிப்பொலி எழும். கூத்தாடுபவள் என்பதற்கு மேல் அச்சொல்லில் ஆதியில் ஒரு குற்றமும் இருந்ததில்லை. அங்கே ஆலிம் உயரத்தில் இருக்கிறார், ஆலிமா இறங்கிவிட்டாள். இங்கே கூத்தன் கோயிலில் இருக்கிறான், கூத்தி தெருவுக்கு வந்துவிட்டாள். இரண்டு மொழிகள் தம்முள் கலந்தாலோசித்துச் செய்த காரியமல்ல இது.

நேயர்களே, 'பெலி டான்ஸ்' என்று நாம் திரைப்படங்களில் கண்டு முகஞ்சுளிக்கும் ஆட்டம் இவர்களுடையதுதான். ஆனால் அப்பெயர் அவர்கள் இட்ட பெயரன்று. எகிப்தியர் மேடையாட்டத்தை 'ரக்ஸ் ஷர்க்கி', அதாவது கீழைத்தேய நடனம் என்பர். ஊர்ப்புறத்து, வீட்டுப்புறத்து ஆட்டம் 'பலதி'; நம்மூர், நம்மவர் என்ற வாஞ்சை அந்தச் சொல்லில் உண்டு. வயிற்று நடனம் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் வைத்தது. 1893 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில், சோல் புளூம் என்ற இளம் காட்சி ஒழுங்கமைப்பாளர் அதனை அமெரிக்கருக்குப் பிரசித்தப்படுத்தினார். அதே ஆண்டில் அதே சிக்காகோவில்தான் சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையிலே பேசினார். கீழைத்தேயத்திலிருந்து போன இரண்டு சரக்குகளில் ஒன்றை அவர்கள் ஞானம் என்றார்கள். மற்றதைக் கண்களால் தின்றார்கள்.

அதற்கும் முன்னரே உள்நாட்டில் ஓர் அடி விழுந்திருந்தது. 1834 இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, ஆடற்பெண்கள் கெய்ரோவில் தொழில் செய்வதைத் தடைசெய்து அவர்களைத் தெற்கே, மேல் எகிப்துக்கு அனுப்பினார். நகரம் தூய்மையானதாக எண்ணப்பட்டது. 1850 இல் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் நைல் நதிவழியே போனபோது, எஸ்னா என்ற ஊரில் இவர்களில் ஒருத்தியைக் கண்டு எழுதினார். அந்த எழுத்து இலக்கியமாகிவிட்டது. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இனி, இந்த ஆட்டம் கற்பிக்கப்பட்ட முறைக்கு வருவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவாசிரியன், அரங்கின் அளவு, தூணின் அளவு எல்லாவற்றுக்கும் இளங்கோவடிகள் இலக்கணம் சொல்கிறார். எகிப்திய ஆட்டத்துக்கு அப்படியொரு ஏடு கிடையாது. சாதாரண வீட்டுப் பெண்பிள்ளை தாயையும் சிறிய தாயையும் பார்த்து ஆடப் பழகுகிறாள். மருதாணி இடும் இரவில் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி 'தர்புக்கா' என்ற கோப்பை வடிவப் பறையை மடியில் வைத்துத் தட்டுவாள். கனத்த அடிக்குத் 'தும்', விளிம்பில் விழும் அடிக்குத் 'தக்'. ஒரு தாவணித் துணியை எடுத்து இடுப்பிலே இறுகக் கட்டி, பிள்ளையை நடுவில் தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். 'தையா தை' என்று சொல்லித் தரும் சொற்கட்டும் இல்லை. அசைவுகளுக்குப் பெயரும் பெரும்பாலும் இல்லை. இடுப்பு எட்டு என்ற இலக்கம்போலச் சுழல வேண்டும், தோள் அசையாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பார்த்துப் பிடிப்பதே.

தொழிலாகக் கற்றவர்களுக்குக் கெய்ரோவில் முகம்மது அலித் தெரு இருந்தது. பாடுவோரும் வாத்தியக்காரரும் ஆடுவோரும் செறிந்து வாழ்ந்த தெரு அது. குழுவை நடத்தும் மூத்த பெண்ணை 'உஸ்தா' என்பார்கள். கலியாண ஊர்வலத்திலே மணமக்களுக்கு முன்னால், எரியும் மெழுகுதிரிகளோடு கூடிய கொத்துவிளக்கைத் தலையிலே தாங்கியபடி ஆடிச்செல்வாள் ஒருத்தி. நமது கரகக்காரி நினைவுக்கு வருகிறாள் அல்லவா? ஆனால் ஒரு முரண். அந்த ஆட்டம் இல்லாமல் கலியாணம் களைகட்டாது. ஆடியவளைத் தம் வீட்டு மருமகளாக எடுப்பார்களா என்றால் மாட்டார்கள். தன் மகள் வீட்டுக்குள் ஆடினால் தாய் குரவையிடுவாள்; அதே ஆட்டத்தைக் காசுக்கு ஆடினால் அவமானம். கரின் வான் நியூகேர்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் இப்பெண்களிடம் நேரிற் பேசி எழுதிய நூல் 1995 இல் வெளிவந்தது. மற்றத் தொழில்களைப் போல இதுவும் ஒரு தொழில் என்பதே அந்த நூலின் தலைப்பு.

1926 இல் பதீஆ மஸாப்னி என்ற பெண்மணி கெய்ரோவில் தமது கேளிக்கை அரங்கைத் திறந்தார். நின்ற இடத்தில் நின்று ஆடிய ஆட்டம் பெரிய மேடைக்கு வந்தது. கைகள் உயர்ந்தன, வாத்தியக் குழு பெருத்தது. ஹொலிவூட் படங்களின் சாயலில் மினுமினுக்கும் உடையும் வந்தது. தஹிய்யா காரியோகா, ஸாமியா கமால் ஆகிய இருவரும் அவரிடம் உருவானவர்கள். பள்ளிப் பருவத்திலே தஹிய்யாவின் ஆட்டத்தைப் பார்த்த எட்வேர்ட் செயித் 1990 இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கீழைத்தேயத்தை மேற்கு எவ்வாறு கற்பனை செய்தது என்று ஆராய்ந்த அதே அறிஞர்தான். தஹிய்யா துள்ளவில்லை, ஓடவில்லை. கைப்பிடியளவு இடத்துக்குள் நின்று ஆடியதே அவரது பெருமை என்கிறார். இந்தத் தஹிய்யா 1950களில் அரசியல் ஈடுபாட்டுக்காகச் சிறையிலும் இருந்தவர். செயித் எழுதியிராவிட்டால் என்னைப் போன்றவர்கள் இந்தக் கலையைப் பற்றிப் பேசத் துணிந்திருப்போமா என்பது ஐயம். பேராசிரியர் ஒருவர் கைகாட்டினால்தானே நமக்குக் கண் தெரிகிறது!

1959 இல் மஹ்மூத் ரேதா தமது நடனக் குழுவைத் தொடங்கினார். அதன் முதன்மை ஆடலரான பரீதா பஹ்மி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் மகள். இக்குழு கிராமத்து ஆட்டங்களைத் தழுவி, உடலை மூடிய உடையோடு, குடும்பத்தோடு இருந்து பார்க்கத்தக்க காட்சிகளை அமைத்தது. 1961 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. நமது பரதத்தின் கதையை அறிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். 1935 இல் சென்னையிலே ருக்மிணிதேவி மேடையேறியபோதும் நடந்தது இதுவே. பாலே பயின்ற அவர், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடமும் சதிரைக் கற்றார். அண்மைக்காலத்தில் கெய்ரோவில் ஏமி சுல்தான் என்ற ஆடலர் 'தக்ஸீம்' என்ற பயிலகத்தை நிறுவியிருக்கிறார். அவரும் பாலே பயின்றவரே. வயிற்று நடனம் என்ற பெயரே வேண்டாம் என்கிறார்.

சீர்திருத்தம் பிழை என்று நான் சொல்லவரவில்லை. சிறுபிள்ளைக்குப் பொட்டுக்கட்டி அவள் வாழ்வை முடிவுசெய்த கொடுமை ஒழியத்தான் வேண்டும். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. கலைக்கு மதிப்பு வந்தபோது, அதைக் காத்துக் கைமாற்றியவர்களுக்கு ஏன் அது வரவில்லை? ருக்மிணிதேவியின் காலத்திலேயே அந்தக் குலத்தில் பிறந்த பாலசரஸ்வதி சிருங்காரத்தைக் கழுவித் துடைக்கத் தேவையில்லை என்று வாதாடிக்கொண்டே ஆடினார். எகிப்திலே லுக்ஸோர் நகரத்து மாஸின் சகோதரிகள் கவாஸி மரபின் கடைசிக் கொழுந்துகளாகப் பேசப்பட்டார்கள். ஊர்க் கலியாணங்களில் அழைப்புக் குறைந்துபோன காலத்தில், அவர்களைத் தேடிப் போய் ஆட்டம் பயின்றவர்கள் பிறநாட்டுப் பெண்கள். மஹ்பூஸ் இதனை முன்பே கண்டிருந்தார் போலும். சுபைதாவின் வீட்டில் வீணை போன்ற 'ஊத்' வாசித்த ஸன்னூபா, அந்த வியாபாரியின் மகனை மணந்து குடும்பப் பெண்ணாகிறாள். சுபைதாவோ மூன்றாவது நாவலில் சொத்திழந்து போதைக்கு அடிமையாகி நிற்கிறாள்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்குண்டு. நமது கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் ஆடிற்று. ஆறுமுக நாவலர் அதனை வன்மையாகக் கண்டித்தார். ஆனாலும் அவர் மறைந்து பல பத்தாண்டுகள் வரை அது நின்றுவிடவில்லை. எனது அப்பாச்சி இளம் வயதில் அதைப் பார்த்தவர். 1990களில் மின்சாரம் இல்லாத ஓர் இரவு, ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் நாங்கள் இருந்தபோது, "சின்னமேளக்காரி எப்பிடி வருவாள் தெரியுமே?" என்று எழும்பினார். சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகினார். சுவரிலே நிழல் விழ, நாலடி நடந்து, கழுத்தை மெல்ல ஒருபுறம் வெட்டித் திரும்பினார். எழுபதை நெருங்கிய உடம்பு அது. விறாந்தையில் அப்பப்பா செருமினார். அப்பாச்சி தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு இருந்துவிட்டார்.

என் மகள் இப்போது வட இலங்கைச் சங்கீத சபையின் நடனப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்பா, அப்பாச்சிக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டாள். ஒருவருமில்லை, பார்த்துத்தான் என்றேன். "அந்தக் கழுத்தை ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றாள். எனக்கு வரவில்லை.