தேடுதல் குழு தேட வேண்டும்



துணைவேந்தரைக் கண்டறிய நாம் அமைக்கும் குழுவுக்குத் ‘தேடுதல் குழு’ என்று பெயர். அந்தப் பெயருக்கு உரிய வேலை நடக்கிறதா என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு குழுவில் நானும் இருந்தேன். முதல் கூட்டத்தன்று மேசை நிறைய ஸ்பைரல் பைண்டிங் செய்த விண்ணப்பங்கள். ஒவ்வொன்றிலும் கட்டுரைப் பட்டியல், விருதுப் பட்டியல், மேடையில் பொன்னாடை வாங்கிய படத்தின் கலர் ஜெராக்ஸ். இரண்டு நாள் புரட்டினோம், மதிப்பெண் போட்டோம், மூன்று பெயர்களை உறையிலிட்டு அனுப்பினோம். விண்ணப்பிக்காத ஒருவரைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரை நானும் சொல்லவில்லை. அந்த உறுத்தல் இன்றும் போகவில்லை.

விதி நம்மைத் தடுக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை, பொது அறிவிப்பு மட்டுமல்லாமல் பிறர் முன்மொழிவதையும், திறமையாளரைத் தேடிச் செல்வதையும் வழிகளாகவே சொல்கிறது. மூன்று முதல் ஐந்து பெயர் கொண்ட பட்டியல் வேண்டும் என்கிறது. ஒரே பெயரைப் பரிந்துரைத்தது உள்ளிட்ட காரணங்களால் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் நாமோ குழுவில் மூவரா நால்வரா, மானியக் குழுவின் பிரதிநிதி உண்டா இல்லையா என்ற வழக்கிலேயே நின்றோம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் துணைவேந்தரின்றிக் கிடந்தது. நியமிப்பது ஆளுநரா அரசா என்ற வாதத்தில், யாரை என்ற கேள்வியே காணாமல் போயிற்று.

தேடல் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சொல்வேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர் 1873இல் மறைந்தபோது, பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்குமாகச் சுமார் 70 லட்சம் டாலர் விட்டுச் சென்றார். அந்தப் பல்கலைக்கழக அறங்காவலர் பன்னிருவரில் பெரும்பாலோர் வணிகர்கள், வழக்கறிஞர்கள். தமக்குக் கல்வித் துறை தெரியாது என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. உயர்கல்வி பற்றிய நூல்களை வாங்கிப் படித்தார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். ஹார்வர்டின் எலியட், கார்னெலின் ஒயிட், மிச்சிகனின் ஏஞ்சல் ஆகிய மூன்று தலைவர்களிடமும் யோசனை கேட்டார்கள். போட்டிக்கு வரப்போகும் நிறுவனத்துக்கு அவர்கள் ஒளிவுமறைவின்றி வழி சொன்னதே பெரிய பண்பு. மூவரும் சொன்ன பெயர் ஒன்றே: டேனியல் காய்ட் கில்மன். அவர் அப்போது நாட்டின் மறுகோடியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். 1874 இறுதியில் பால்டிமோருக்கு வந்து பேசினார். புதிய பல்கலைக்கழகத்தின் தலைவராகி 1901 வரை பொறுப்பில் இருந்தார்.

வந்தவரும் அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்கவில்லை. ஐரோப்பா வரை பயணம் போனார். இங்கிலாந்தில் பதவியின்றி இருந்த அறுபது வயது கடந்த கணித மேதை சில்வெஸ்டரை அழைத்து வந்தார். 1875இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் போனபோது, இயற்பியலுக்கு நல்ல இளைஞர் யாரென்று அங்கிருந்த பேராசிரியரிடம் விசாரித்தார். ஹென்றி ரோலண்ட் என்று பதில் வந்தது. வயது 26. அவருடைய காந்தவியல் கட்டுரையை அமெரிக்க இதழ் திருப்பி அனுப்பியிருந்தது. இயற்பியல் மேதை மாக்ஸ்வெல் அதைப் பாராட்டி, இங்கிலாந்தில் அச்சேற வழிசெய்திருந்தார். கில்மன் அந்த இளைஞரை வரவழைத்தார். இருவரும் ஹட்சன் ஆற்றின் பக்கம் நடந்தபடி பேசினார்கள். தன் ஆய்வுகளைப் பற்றி ரோலண்ட் சொல்லச் சொல்லக் கில்மன் கேட்டுக்கொண்டே நடந்தார்.